இசட்4 காருக்கு மென்மையான டேம்பர் (ஷாக் அப்சார்பர்), ஸ்பிரிங்: எதைப் போடலாம்?

அண்ணன்மாரே, வண்டி பி.எம்.டபிள்யூ இசட்4, இ89 மாடல், எலக்ட்ரானிக் டேம்பர் இல்லாதது. பழைய ஓனர் போட்ட, வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங்தான் இப்போதும் இருக்கு. காட்பாடி மேம்பாலத்து ஜாயின்ட்டில் ஏறினாலே பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது தடுக்கும் மெத்தை) 'டக்'கென்று இடிக்குது. உயரம் குறைந்ததால் சஸ்பென்ஷன் அமுங்க டிராவலே மிச்சமில்லை. பஞ்சரானாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயரின் விறைப்பு வேறு.

கம்பெனி உயர ஸ்பிரிங்குக்கே திரும்புவது உறுதி. டேம்பரில்தான் குழப்பம். பில்ஸ்டீன் கம்பெனியின் சாதா டேம்பர் பி4 போதுமா, பி6 நம்ம ரோட்டுக்கு இறுக்கமா இருக்குமா? பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கானது, அது வேண்டாம். கோனி கம்பெனியின் ஸ்பெஷல் ஆக்டிவ் டேம்பர் இந்த மாடலுக்குக் கிடைக்குமா?

டேம்பரை மேலே பாடியோடு பிடிக்கும் டாப் மவுன்ட், பம்ப் ஸ்டாப் கூடவே மாற்றணும். சஸ்பென்ஷன் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகே கடைசியாக இறுக்கும் மெக்கானிக் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் யார்? சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சுடும்.