அம்மம்மா பார்த்த வாவி

குழு: கோப்பாய் வீடு

சனி, காலை 7:05

நான்: எல்லோருக்கும் காலை வணக்கம். நேற்று இரவு ஒன்பதரைக்குத்தான் நுவரெலியா வந்து சேர்ந்தோம். அம்மம்மா சுகமாக இருக்கிறார்.

அம்மா: அப்பாடா. எனக்கு இரவு முழுக்க நித்திரையே இல்லை. றம்பொடை வளைவுகளில் சத்தி எடுத்தாரா?

நான்: இல்லை அம்மா. தேசிக்காயை மணந்தபடியே வந்தார். சின்னவன்தான் இரண்டு தரம் எடுத்தான். கண்டி வரை ஏ9 வீதி, களைப்பே தெரியவில்லை. புசல்லாவை தாண்டி ஏறத் தொடங்கினால் ஒரே வளைவு. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் கண்டியில் ஒரு இரவு தங்க வேண்டும். நாங்கள் ஒரே நாளில் வந்தது பிழை.

சின்ன மாமி: குளிர் எப்படிப் பிள்ளை?

நான்: விடிய 8 பாகை மாமி. அறை வாவிக்கு நேரே, சன்னலைத் திறந்தால் தண்ணீர்தான். ஆனால் ஹீற்றருக்குத் தனிக் காசு என்பதை வந்த பிறகுதான் சொன்னார்கள். சுடுதண்ணீர் காலையில் அரை மணித்தியாலம் மட்டும். அறை பிடிக்கும்போதே இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள். அம்மம்மா நடுங்கினதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரிய மாமா: கிரகரி வாவிதானே? ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் அமைத்தது. அதற்கு முன் அந்த இடம் சதுப்பு நிலம்.

நான்: அம்மம்மாவிடம் சொன்னேன் மாமா. “அப்ப இதுவும் கட்டின குளம்தானா, இரணைமடு மாதிரி?” என்று கேட்டார்.

பெரிய மாமா: இரணைமடு இதைவிட எவ்வளவோ பெரிது என்று சொல்லு.

நான்: சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

சனி, மாலை 5:40

தம்பி: படகில் ஏறினீர்களா? அன்னப் படகுப் படம் ஒன்றும் வரவில்லையே.

நான்: சின்னவனும் அத்தானும் ஏறினார்கள். அம்மம்மா ஏறவில்லை. கரையில் இருந்தபடி எதிரே மலைச்சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படி படியாகக் கிழங்கு, கரட், லீக்ஸ். மேலே ஊற்றிலிருந்து குழாய் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் தானாக இறங்கி வருகிறது. அதை நம்பவே முடியவில்லை அவருக்கு. “மிசின் இல்லையா? எண்ணெய்க் காசு இல்லையா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மப்பா துலாவில் இறைத்த காலம், பிறகு மிசின் வாங்கிய வருஷம், வைகாசியில் கிணறு உவர்த்துப்போன கதை, எல்லாம் சொன்னார். யாழ்ப்பாணத்தில் நமக்கு ஆறு இல்லை, மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கினால்தான் கிணறு. அதை அறுபது வருஷம் இறைத்த கை அது. வாவித் தண்ணீரை ஒரு சிரங்கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். குடிக்க வேண்டாம் என்று நான் தடுக்க முன்னமே!

சின்ன மாமி: ஐயோ, வயிறு?

நான்: ஒன்றும் செய்யவில்லை மாமி.

சித்தி: தேயிலைத் தோட்டத்துக்குப் போனீர்களா?

நான்: ஓம் சித்தி. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அக்காவோடு அம்மம்மா நெடுநேரம் கதைத்தார். நாள் முழுக்க எடுத்தும் சொன்ன கிலோ வராவிட்டால் சம்பளம் குறையுமாம். பிள்ளைகளோடு லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரே அறை. அம்மம்மா பையிலிருந்த பனங்கட்டிக் குட்டானைக் கொடுத்தார். அந்த அக்கா வீட்டிலிருந்து தேயிலைத்தூள் கொண்டுவந்து தந்தார். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை.

சித்தி: இங்கே கிளிநொச்சியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியும் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வந்தவர்தான். இதை வாசித்துக் காட்டினேன். எந்தத் தோட்டம் என்று கேட்கிறார்.

நான்: நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன். சீதா எலிய அம்மன் கோயிலுக்கு அந்த வழியாகத்தான் போகிறோம். நேரம் இருந்தால் பக்கத்தில் ஹக்கல பூந்தோட்டமும்.

அம்மா: சித்திரையில் நாங்களும் வரட்டா?

தம்பி: சித்திரை வேண்டாம் அம்மா. அங்கே அதுதான் சீசன், சனமும் கூட, அறை விலையும் கூட. தை, மாசி போதும்.

நான்: அம்மம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொல்கிறார் அம்மா. பின்வளவுக் கத்தரிக்குத் தண்ணீர் விட்டாயிற்றா?

அம்மா: விட்டாயிற்று. மிளகாய்க்கும் விட்டாயிற்று என்று சொல்லு.