விமானப்படை நாள்: பிள்ளைகளுக்குச் சொல்ல, அதிகம் பேசப்படாத விஷயங்கள் வேண்டும்

குடியாத்தம் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. அக்டோபர் 8 விமானப்படை நாளன்று காலைக் கூட்டத்தில் பேசும் வேலை இந்த வருஷம் என் தலையில். ரஃபேல் வேகம் எவ்வளவு, அபிநந்தன் மீசை எப்படி என்பதெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2024-ல் மெரினாவில் நடந்த விமான சாகசத்துக்குக் காட்பாடியில் ரயிலேறிப் போன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. போனவர்களுக்கு விமானத்தைவிடக் கூட்டமும் தாகமும்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

இணையத்தில் தேடினால் ஒரே பட்டியலைத்தான் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்களே, உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பிள்ளைகள் கொட்டாவி விடக்கூடாது, அவ்வளவுதான்.

காட்பாடி விக்கி

1932 அக்டோபர் 8-ல் தொடக்கம். முழக்கம் 'நப ஸ்பர்சம் தீப்தம்', கீதையின் 11-ம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. விமானப்படையில் பரம்வீர் சக்ரா வாங்கியவர் ஒரே ஒருவர், நிர்மல் ஜித் சிங் செகோன். மிக்-21 விமானங்களுக்கு 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடை கொடுத்தார்கள். போதுமா டீச்சர்?

கணியம்பாடி எக்ஸ் சார்ஜெண்ட்

விக்கி தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் டீச்சரம்மா எதைத் தப்பிக்கப் பார்க்கிறாரோ அந்தப் பட்டியலைத்தான் நீ கொடுத்திருக்கிறாய்.

நான் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் ஆளாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். தரைப்படை என்றால் என்ன வேலை என்று பாட்டிக்குக்கூடத் தெரியும். விமானப்படை என்று சொன்னால் மட்டும் அடுத்த கேள்வி "பிளேன் ஓட்டுவீங்களா?" என்றுதான் வரும். இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும். அதனால் ஓட்டாதவர்கள் கதையை மட்டும் சொல்கிறேன். பத்து நிமிஷத்துக்குத் தாராளமாக வரும்.

1933 ஏப்ரல் 1-ல் கராச்சியில் முதல் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) தொடங்கியபோது இருந்தவை நான்கு வாபிட்டி விமானங்கள். இரட்டை இறக்கை, திறந்த காக்பிட். அதிகாரிகள் 6 பேர், அவர்களோடு 'ஹவாய் சிப்பாய்' என்ற தரைப் பணியாளர்கள் 19 பேர். அந்த அதிகாரிகளில் சுப்ரதோ முகர்ஜி 1954-ல் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனது புத்தகத்தில் இருக்கிறது. சிப்பாய்கள் பக்கம் யாரும் புரட்டுவதில்லை. அவர்களில் ஒருவர் ஹர்ஜிந்தர் சிங். லாகூரில் பொறியியல் படித்தவர், ஆனாலும் கீழ்ப் பதவியான சிப்பாயாகச் சேர்ந்தார். கையில் கிரீஸோடு தொடங்கிய அந்த மனிதர் பிற்பாடு ஏர் வைஸ் மார்ஷல் ஆகி, பராமரிப்புப் பிரிவு முழுவதற்கும் தலைவராக இருந்தார். கான்பூரில் ஆவ்ரோ 748 என்ற போக்குவரத்து விமானம் கட்டும் வேலையை முன்நின்று தொடங்கியவரும் அவர்தான். அங்கே உருவான முதல் ஆவ்ரோ 1961-ல் பறந்தது. எட்டாம் வகுப்புக்குச் சொல்ல இவர் ஒருவர் கதையே போதும் என்பேன்.

சரி, இன்னும் வேண்டுமென்றால் 1942 பர்மா. முதல் ஸ்குவாட்ரன் டாங்கூ தளத்தில் இறங்கிய கையோடு ஜப்பானியர்கள் வந்து குண்டு போட்டார்கள். நம்மிடம் இருந்ததோ லைசாண்டர். மேலே பறந்து எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்த்துச் சொல்வதற்காகச் செய்த மெதுவான விமானம், சக்கரங்கள்கூட உள்ளே மடங்காது. அதில் குண்டு மாட்டும் கொக்கிகளைப் பொருத்தி, ஸ்குவாட்ரன் லீடர் மஜும்தார் போய் ஜப்பானியத் தளத்தைத் தாக்கித் திரும்பினார். மஜும்தார் பெயர் தெரிந்த கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கொக்கி மாட்டியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது லிபரேட்டர் கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷார் நான்கு எஞ்சின் கொண்ட பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் குவித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சும்மா விட்டுப் போகவில்லை, இனி எவனும் பறக்கவிடக் கூடாது என்று வேண்டுமென்றே உடைத்துவிட்டுப் போனார்கள். நாடு சுதந்திரம் அடைந்த புதிதில் நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை, வாங்கக் காசும் இல்லை. எச்.ஏ.எல். என்ற நம் விமானத் தொழிற்சாலை ஆட்கள் அந்தக் குப்பை மேட்டில் இறங்கி, ஒன்றில் இருந்ததைக் கழற்றி இன்னொன்றில் பூட்டி, பெங்களூர் வரை தாக்குப்பிடித்தால் போதும் என்ற அளவுக்குத் தேற்றினார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு பெங்களூர் போனார். அங்கே முழுசாகச் சரி செய்து, 1948 நவம்பரில் 5-ம் ஸ்குவாட்ரன் உருவாயிற்று. சுமார் நாற்பது விமானங்கள் அப்படி உயிர் பெற்றன. 1968 வரை பறந்தன. அதற்குள் உலகம் முழுக்க லிபரேட்டர்கள் காயலான் கடைக்குப் போய்விட்டதால், இங்கிலாந்தும் அமெரிக்காவும் தங்கள் அருங்காட்சியகத்தில் வைக்க நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். உடைத்துப் போட்டவர்களே வந்து வாங்கிக்கொண்டு போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

1971-ல் இதே புத்திதான். ஆன்டனோவ்-12 சரக்கு விமானம், அரிசி மூட்டையும் ஜீப்பும் ஏற்றுவது. அதை 44-ம் ஸ்குவாட்ரன் குண்டுவீச்சு விமானமாக மாற்றி, இரவில் பாகிஸ்தானுக்குள் கொண்டுபோய் சாங்கா மாங்கா காட்டில் இருந்த வெடிமருந்துக் கிடங்கின் மேல் பின்பக்கம் வழியாகக் குண்டுகளை உருட்டிவிட்டார்கள். பெரிய வயிறு உள்ள விமானம், சுட்டால் தப்புவது கஷ்டம். ஆனாலும் போனார்கள், திரும்பினார்கள்.

அரக்கோணம் பாசஞ்சர்

சார் சொன்னதைப் படித்து மெய்மறந்துபோனேன். நான் நம் ஊர்ச் சமாசாரம் ஒன்று சேர்க்கிறேன். டீச்சர், பிள்ளைகளிடம் "நம்ம பக்கத்து விமானப்படைத் தளம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அரக்கோணம் என்பார்கள். அது விமானப்படையுடையதே அல்ல, கடற்படையுடையது!

ஐ.என்.எஸ். ராஜாளி. உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் இருந்த இடம். 1992 மார்ச் 11-ல் அப்போதைய ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். அப்போது நாங்கள் வட ஆற்காடு, அப்புறம் வேலூர் மாவட்டம், 2019 முதல் ராணிப்பேட்டை. கடலே கண்ணில் படாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுகிற விமானத்துக்கு நீளமான ஓடுதளம் வேண்டும், நிறைய எரிபொருளோடு கிளம்பி மணிக்கணக்கில் கடல்மேல் சுற்ற வேண்டும். முன்பு ரஷ்யாவின் டுபோலெவ்-142 இருந்தது. ஒவ்வோர் எஞ்சினிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள். மேலே போனால் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். 2017 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது போயிங்கின் 'பி-8ஐ' ரகம், அவ்வளவு சத்தம் இல்லை. கடற்படை ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சியும் இங்கேதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது பயணிகள் விமானங்களை இந்த ராஜாளியிலிருந்துதான் இயக்கினார்கள். எங்கள் ரயில்வே கேட் பக்கம் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியூர்க்காரர்கள் நின்றதை மறக்க முடியுமா?

குடியாத்தம் டீச்சர்

சார்ஜெண்ட் ஐயா, லிபரேட்டர் கண்டிப்பாக உண்டு. ராஜாளியைக் கேள்வியாகவே கேட்டுவிடுகிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். போர் விமானி இல்லாமல் வேறு யாராவது பெண்களைப் பற்றிச் சொல்ல முடியுமா?

கணியம்பாடி எக்ஸ் சார்ஜெண்ட்

முடியும், அதுவும் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். டாக்டர் விஜயலட்சுமி ரமணன். 1955 ஆகஸ்ட் 22-ல் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து, விமானப்படைக்கு அனுப்பப்பட்டார். விமானப்படையின் முதல் பெண் அதிகாரி அவர்தான். மகப்பேறு மருத்துவர், வானொலியில் கர்நாடக சங்கீதம் பாடியவர், விங் கமாண்டராக 1979-ல் ஓய்வு பெற்றார். 2020-ல் 96 வயதில் காலமானார்.

விமானி வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1994 செப்டம்பர் 2-ல் ஹரிதா கவுர் தியோல் விமானப்படையில் தனியாக விமானம் ஓட்டிய முதல் பெண் ஆனார். அவர் ஓட்டியது ஆவ்ரோ 748. நம் ஹவாய் சிப்பாய் ஹர்ஜிந்தர் கான்பூரில் கட்டத் தொடங்கிய அதே ரகம். உங்கள் பேச்சில் இரண்டையும் கோத்துவிடலாம்.

அப்புறம் பிள்ளைகளுக்கு எஃப்-700 பற்றிச் சொல்லுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் அந்தப் பெயரில் ஒரு பதிவேடு உண்டு. ஏர்ஃப்ரேம், எஞ்சின், மின்சாரம், ஆயுதம் என்று ஒவ்வொரு பிரிவு ஆளும் தன் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில்தான் விமானி கையெழுத்துப் போட்டு விமானத்தை வாங்குவார். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் கீழே இருப்பவன் கையெழுத்து இல்லாமல் வண்டி நகராது. கருவிகளுக்கு ஷேடோ போர்டு இருக்கும், ஸ்பேனரின் உருவத்தைப் பலகையில் வரைந்து அதன் மேலேயே மாட்டுவோம். சாயங்காலம் ஓர் இடம் காலியாக இருந்தால் அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை யாருக்கும் வீடு கிடையாது. அது எஞ்சினுக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும்.

ஆம்பூர் இம்ரான்

அண்ணா, சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய், தாம்பரத்தில் பயிற்சி. வேலூர் மாவட்டத்துக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை? அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் சும்மாதானே கிடக்கிறது!

கணியம்பாடி எக்ஸ் சார்ஜெண்ட்

இம்ரான், அப்துல்லாபுரம் ஓடுதளம் சின்னது. சிறிய விமானத்துக்குச் சரி, சுகோய்க்குப் பத்தாது. அதோடு நம் ஊர் வெயில். காற்று சூடானால் மெலிந்துபோகும், மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தூக்குசக்தி குறையும், எஞ்சினும் இளைக்கும். லடாக்கின் லே மாதிரி உயரமான இடத்திலும் இதே பிரச்சினை, அதனால்தான் அங்கே பெரும்பாலும் காலையிலேயே போய் வந்துவிடப் பார்ப்பார்கள். 1948-ல் மெஹர் சிங் முதன்முதலாக லேயில் டக்கோட்டா சரக்கு விமானத்தை இறக்கியபோது, சோனம் நோர்பு என்ற எஞ்சினியர் அவசரமாகப் போட்டுக் கொடுத்த மண் ஓடுதளம்தான் இருந்தது. பாருங்கள், அங்கேயும் தரையில் நின்ற ஒருவர்!

செகோன் இருந்த 18-ம் ஸ்குவாட்ரன் 2020-ல் சூலூரில் தேஜஸ் ஓட்டத் தொடங்கியது, அதை விக்கி தம்பி தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆம்பூருக்குத் தளம் கேட்கிறாயே, இதையும் தெரிந்துகொள். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் திறந்தவெளியில் ஆடு மாடு அறுக்கவும் கழிவு கொட்டவும் சட்டத்திலேயே தடை உண்டு. கழிவுக்குப் பருந்து வரும், பருந்து எஞ்சினுக்குள் போனால் விமானம் காலி. பெங்களூர் எலகங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் அக்கம்பக்கத்து இறைச்சிக் கடைகளை மூடச் சொல்வார்கள். தளம் வேண்டுமா, பிரியாணி வேண்டுமா என்று ஊரில் கேட்டுவிட்டு வந்து சொல்.

ஆம்பூர் இம்ரான்

தளம் அரக்கோணத்திலேயே இருக்கட்டும் அண்ணா.