இயக்குநர் தொழிலை எங்கே கற்பது: நிறுவனத்திலா, சொந்தப் படத்திலா?

பீஷான் இயக்குநர்:
பதினோரு ஆண்டுகள் சிங்கப்பூரில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களை இயக்கினேன். பிறகு நாற்பதாயிரம் வெள்ளி சேமிப்பைப் போட்டு ஒரு படம் எடுத்தேன். இரண்டிலும் அடிபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: படமெடுக்க நினைக்கும் இளையர்கள் முதலில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யுங்கள்.

என் படத்துக்காக ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறையில் காட்சி எடுத்தோம். குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல் ஒலிப்பதிவில் விழுந்தது. அணைத்துவிட்டோம். நிறுவனத்தில் எங்கள் ஒலிப்பதிவாளர் பெட்டியை அணைத்தால் உடனே தன் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுவார். சாவி இல்லாமல் அவர் வீட்டுக்குப் போக முடியாது. அதை எடுக்கத் திறக்கும்போது பெட்டியை மறுபடி போட்டுவிடுவார். என் படத்தில் அவர் இல்லை. நள்ளிரவு இரண்டு மணிக்குக் களைத்துப்போய் அப்படியே கிளம்பிவிட்டோம். வீட்டுக்கார அம்மா மகள் வீட்டிலிருந்து இரண்டு நாள் கழித்துத் திரும்பினார். தீபாவளிக்கு வாங்கி வைத்த ஆட்டிறைச்சியும் வவ்வால் மீனும் அழுகித் தரையெல்லாம் தண்ணீர். செய்தி கேட்டு ஓடினேன். அவர் திட்டவில்லை. குனிந்து துடைத்துக்கொண்டே, "சாப்பிட்டீர்களா தம்பி?" என்று கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை.

ஈசூன் மாணவி:
அண்ணா, அந்தச் சாவி வித்தை ஒலிப்பதிவாளருடையது. நிறுவனத்துக்கு ஏன் அந்தப் பெருமை? பதினோரு ஆண்டுகளில் உங்கள் மனத்துக்குப் பட்டபடி எத்தனை காட்சிகள் எடுத்தீர்கள்? 2008இல் தமிழ் பேசும் 'மை மேஜிக்' கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போனது. இயக்கியவர் எரிக் கூ. தமிழ் அவருடைய மொழி அல்ல. 2016இல் கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' அதே விழாவின்போது நடக்கும் 'விமர்சகர் வாரம்' என்ற தனிப் பிரிவில் இடம்பெற்றது. இரண்டும் சுயாதீனப் படங்கள். வாரம் தவறாமல் தொடர் எடுத்த நம் நிறுவனங்கள் எதை அனுப்பின?

பாலஸ்டியர் பழையவர்:
மகளே, கொஞ்சம் பின்னால் போய்ப் பார். பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புத் தளம் இருந்தது. 1948இல் பினாங்கிலிருந்து அங்கே பாடகராக வந்தவர் பி. ரம்லி, பின்னாளில் மலாய்த் திரையின் பெரிய நட்சத்திரம். அங்கே மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லிக்குக் கதாநாயகன் வேடம் கொடுத்தவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர். ஏழு ஆண்டுகள் இப்படிப்பட்ட இயக்குநர்களின் பக்கத்தில் நின்று பார்த்தார் ரம்லி. 1955இல் 'பெனாரிக் பெச்சா' என்ற படத்தைத் தானே இயக்கினார். மாதச் சம்பளமும் தினமும் படப்பிடிப்பும் இல்லாமல் அந்த ஏழு ஆண்டுப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

படத்தொகுப்பு மேசை:
ஐயா, அதே தளத்தில்தான் 1957இல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1967இல் தளத்தையே மூடினார்கள். பயிற்சி கொடுத்த கை கதவையும் அடைத்தது. ரம்லி இயக்கிய அந்தப் படங்களின் உரிமையும் நிறுவனத்திடம்தான் இருந்தது.

பாலஸ்டியர் பழையவர்:
உரிமை அவர்களிடம் இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் படங்களைக் காப்பாற்ற ஓர் இடம் வேண்டாமா? ஷாவுக்குப் போட்டியாக இருந்த கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் 91 மலாய்ப் படங்கள் இன்று ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டிலும் சேர்ந்தன. உங்கள் சுயாதீனப் படங்கள் எங்கே இருக்கின்றன, அலமாரிக்குள்தானே?

படத்தொகுப்பு மேசை:
அதே கேத்தே-கெரிஸ் 1957இல் எடுத்த 'பொந்தியானாக்' என்ற பேய்ப் படம் ஊரையே திரண்டு வரவைத்தது. இன்று அந்தப் படம் கிடைப்பதில்லை. நிறுவனம் இருந்தும் தொலைந்தது. மிஞ்சியதைக் காப்பது ஒரு காப்பகம். நீங்களும் அங்கே போய் உங்கள் படத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள், இயக்குநரே.

பீஷான் இயக்குநர்:
போகிறேன். என் படம் இரண்டு வன்தட்டுகளில், துணி அலமாரியில்தான் இருக்கிறது. ஐயா சொன்னது சுருக்கென்று தைத்தது.

தங்கையின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நிறுவனத்தில் அழுகிற காட்சி என்றால் முகத்தை நெருங்கிக் காட்ட வேண்டும். சமைத்துக்கொண்டே பார்ப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பார்கள். நான் அந்தச் சமையலறையில் எடுத்தது வேறு. மகன் கட்டாயத் தேசிய சேவைக்குப் போன அன்று இரவு அம்மா வெங்காயம் நறுக்குகிறார். கேமரா முதுகுக்குப் பின்னால். கத்திச் சத்தம் நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. முகம் கடைசிவரை தெரியாது. அந்தக் காட்சியை எனக்கு யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள். ஆனால் கத்திச் சத்தத்தை மட்டும் கேட்க விடலாம் என்ற துணிச்சல், பதினோரு ஆண்டுகள் அந்த ஒலிப்பதிவாளர் பக்கத்தில் நின்றதால் வந்தது. இதை எப்படி விட்டுக்கொடுப்பேன்?

ஈசூன் மாணவி:
அப்போதும் நிறுவனத்தில் சேர மாட்டேன், அண்ணா. அவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மாதம் எங்கள் குறும்படம். அவர் வருவாரா?

பீஷான் இயக்குநர்:
ஆட்குறைப்பில் வேலை போனபின் இப்போது வாடகை வண்டி ஓட்டுகிறார். சற்று முன் பேசினேன். சனிக்கிழமை காலை வந்து நீங்கள் படமெடுக்கும் வீட்டைப் பார்ப்பதாகச் சொன்னார். சம்பளத்தைப் பேசி முன்கூட்டியே கொடுத்துவிடு. ஒரு நாள் வண்டி ஓட்டாமல் வருகிறார்.