வாடையில் தெளிவு, கச்சானில் மங்கல்

திருகோணமலையிலிருந்து தூரத்துக் கரையைப் பார்த்துப் படமெடுக்க விரும்புவோருக்கு, "மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது, வெயில் காலத்தில் வாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதே ஊரில் உவர்மலையில் குடியிருக்கும் என் அனுபவம் இதற்கு நேர்மாறு.

தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் ஜூன், ஜூலையில் வானம் என்னவோ நீலமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோணேசர் மலையில் நின்று தெற்கே பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர்க் கரை வெளிறிக் கிடக்கும். தரை வழியே வரும் காற்று புழுதியை அள்ளிவருகிறது. அதைக் கழுவிவிட மழையும் இல்லை.

மார்ச் மாதக் காலைகள் இன்னும் மோசம். பெரும்போக நெல் அறுவடை முடிந்து கந்தளாய், கிண்ணியாப் பக்கம் வைக்கோல் எரிப்பார்கள். காற்றசையாத இரவில் புகை தரையோடு தங்கிவிடும். விடியற்காலையில் ஈரமும் சேர்ந்துகொண்டால், கந்தளாய் வீதியில் முன்னே போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வெயில் ஏறியதும் மூட்டம் பாதியாகக் குறைகிறது. புகை எங்கும் போய்விடவில்லை, மூக்கைக் கேட்டால் சொல்லும். ஈரம் குடித்து ஊதியிருந்த துகள்கள் உலர்ந்து சுருங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். துகள் பருத்தால் ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். எனவே காற்றில் தூசி கூடாமலே பார்வைத் தூரம் குறைந்துவிடும்.

கடல் உப்பும் இப்படித்தான். ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் நீரை இழுத்துத் துளியாகிவிடுகிறது. வடகிழக்குக் காற்று மழையோடு வரும் வாடைக் காலத்தில் கடற்கரையில் சிறிது நேரம் நின்றாலே மூக்குக்கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒரு படலம் ஏறும். துடைத்தால் போகாது, இழுபட்டுப் பரவும். ஆனால் அதே வாடையில் ஒரு பெருமழை ஓய்ந்து வானம் வெளித்த காலையில் பாருங்கள்: மூதூர்க் கரையின் மணல் வேறு, மரவரிசை வேறு என்று பிரிந்து தெரியும்.

மழை மாதம் என்பதை மட்டும் நம்பவும் கூடாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் இருந்தபோது, வடக்கிலிருந்து வந்த காற்று இந்தியப் பக்கத்து மாசையும் கொண்டுவந்தது. அதனால் 9ஆம் திகதி இலங்கை முழுவதும் அரச பாடசாலைகளை மூடினார்கள். அந்த மூட்டத்தைப் பனி என்று சாதித்தவர்களோடு நான் வாதாடியது தனிக்கதை.

படம் எடுக்க வருபவர்கள் டிசம்பரில் மழை விடும்வரை பொறுத்திருங்கள். கமரா லென்ஸை முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு கீறிவிடும்.