90 நிமிட ஆன்லைன் தேர்வு: யோசித்து எழுதும் பிள்ளைகளின் விடைகள் மட்டும் காணாமல் போகின்றன, உதவுங்கள்

கடலூர் டீச்சர்:
வணக்கம். கடலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வுக்காக, ஆசிரியர்கள் கேள்விகளை ஏற்றவும் பிள்ளைகள் போனிலேயே மாதிரித் தேர்வு எழுதவும் ஒரு தளத்தை அக்கா மகன் செய்து கொடுத்தான். பிஎச்பி நிரல் மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மனத்திறன் தாள் 90 கேள்வி, 90 நிமிடம். எழுதி முடித்து 'முடித்தேன்' பொத்தானை அழுத்தினால் சில பிள்ளைகளுக்கு லாகின் பக்கம் வந்து நிற்கிறது. மறுபடி உள்ளே போனால் வெற்றுத் தாள். உள்ளே போவதே பெரும்பாடு, ஏனென்றால் லாகினுக்கு ஓடிபி வேண்டும். தேவனாம்பட்டினத்துப் பிள்ளை ஒன்று அக்கா போனில் எழுதுகிறது. ஓடிபி போவதோ கடலுக்குப் போயிருக்கும் அப்பாவின் எண்ணுக்கு.

அவசரமாக அடித்துவிட்டு எழுந்து போகிற பையன்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நிதானமாக எழுதுகிறவர்களுக்குத்தான் போகிறது. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் சோதித்தபோது ஒருமுறைகூட வரவில்லை. ஹோஸ்டிங்காரர் சிக்னல்தான் காரணம் என்கிறார். ஆனால் செம்மண்டலத்தில் வைஃபையில் எழுதிய பிள்ளைக்கும் போயிருக்கிறது. இன்னொன்று, நேரம் முடிந்த பிறகும் சில போன்களில் கடிகாரம் ஏழெட்டு நிமிடம் மிச்சம் காட்டுகிறது.

பண்ருட்டிக்காரர்:
உண்மையான தேர்வு வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் தாளில்தானே டீச்சர்? கூகுள் ஃபார்மில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. முதலில் அந்த ஓடிபியைத் தூக்குங்கள். தேர்வு நாளன்று ஆளுக்கொரு ரகசிய எண்ணை வகுப்பாசிரியரே கொடுத்துவிடலாம்.

கடலூர் டீச்சர்:
ஃபார்மில்தான் சார் ஆரம்பித்தோம். அதில் நேரக் கட்டுப்பாடு தானாக வருவதில்லை, தலைப்புவாரியாகக் கேள்விகளைப் பொறுக்கி எடுக்கவும் வழியில்லை. வட்டம் நிரப்பும் பயிற்சியைப் பள்ளியில் தனியாகத் தருகிறோம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். இந்த வீடுகளில் அது சின்னத் தொகை இல்லை. ஓடிபி யோசனை நல்லது, அக்கா மகனிடம் சொல்லிவிட்டேன்.

கெடிலக்கரை:
90 கேள்வியும் ஒரே பக்கத்திலா? எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் சர்வருக்கு ஏதாவது போகிறதா?

கடலூர் டீச்சர்:
ஒரே பக்கம்தான். கடைசியில் பொத்தானை அழுத்தும்போது மட்டும் எல்லாம் சேர்ந்து போகும் என்கிறான்.

கெடிலக்கரை:
அப்படியென்றால் சிக்னல் மேல் பழி போட வேண்டாம். பிஎச்பியில் 'செஷன் ஜிசி மேக்ஸ்லைஃப்டைம்' என்று ஓர் அமைப்பு உண்டு. யாரும் கை வைக்காவிட்டால் அதன் அளவு 1440 நொடி, அதாவது 24 நிமிடம். அவ்வளவு நேரம் ஒரு பிள்ளையிடமிருந்து எந்தக் கோரிக்கையும் வராவிட்டால் அதன் செஷன் கோப்பு, அதாவது உள்ளே வந்திருப்பது யார் என்று சர்வர் வைத்திருக்கும் குறிப்பு, பழையதாகக் கருதப்படும், அடுத்த துப்புரவில் அழிந்துவிடும். பிள்ளை 80 நிமிடமாகக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறது. சர்வரைப் பொறுத்தவரை அது எப்போதோ எழுந்து போய்விட்டது.

ஏன் எல்லாருக்கும் நடக்கவில்லை என்றால், அந்தத் துப்புரவு நேரம் பார்த்து வருவதில்லை. இயல்பு அமைப்பில் ஒவ்வொரு கோரிக்கையின்போதும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பில்தான் அது ஓடும். ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் உட்கார்ந்தால் துப்புரவே வராமல் போகலாம். வகுப்பே சேர்ந்து எழுதும்போது கோரிக்கைகள் குவியும், துப்புரவும் வந்துவிடும். அதோடு ஷேர்டு ஹோஸ்டிங்கில் செஷன் கோப்புகள் பொது ஃபோல்டரில் கிடந்தால், பக்கத்துத் தளத்தின் துப்புரவு உங்கள் கோப்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். தளத்துக்கு ஒரு நகல் எடுத்து அதில் 1440-ஐ 120 ஆக்குங்கள். துப்புரவின் வாய்ப்பைத் தீர்மானிக்கும் ஜிசி ப்ராபபிலிட்டி, ஜிசி டிவைசர் இரண்டையும் 1 ஆக்கினால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் துப்புரவு ஓடும். ஒரு போனில் தேர்வைத் திறந்து மூன்று நிமிடம் விடுங்கள். இன்னொரு போனில் தளத்தைத் திறங்கள். பிறகு முதல் போனில் பொத்தானை அழுத்துங்கள்.

கடலூர் டீச்சர்:
அதே லாகின் பக்கம் அப்படியே வந்தது! அப்போ 1440-ஐ 7200 ஆக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

கெடிலக்கரை:
நாளைய தேர்வுக்கு அந்த ஒட்டு போதும், செஷனுக்குத் தனி ஃபோல்டரும் வைத்துவிடுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். விடைகள் 90 நிமிடமும் போனில் மட்டும்தானே இருக்கின்றன. நடுவில் யாராவது அழைத்தாலோ, தம்பி விளையாட்டைத் திறந்துவிட்டாலோ, ரேம் குறைந்த ஆண்ட்ராய்டு போன் பிரௌசர் பக்கத்தை நினைவிலிருந்து தள்ளிவிடும். திரும்பி வந்தால் பக்கம் புதிதாக ஏறும், மறுபடி வெற்றுத் தாள்தான்.

பிள்ளை விடையைத் தொட்டவுடனே அது சர்வருக்குப் போக வேண்டும். மூடில் போன்ற பெரிய இணையவழிக் கற்றல் மென்பொருளிலும் வினாடி வினாவுக்குத் தானியங்கிச் சேமிப்பு உண்டு, பொத்தானுக்காக அது காத்திருப்பதில்லை. உங்கள் அட்டவணையில் தேர்வு முயற்சி எண்ணும் கேள்வி எண்ணும் சேர்ந்து ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் தர வேண்டும். விடை மாறினால் அந்த வரியே மாறட்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளை முதலில் 'ஆ'-வைத் தொட்டு, பிறகு 'இ'-க்கு மாற்றுகிறது. சிக்னல் மந்தமாக இருந்தால் 'இ' முதலில் சேர்ந்து, தாமதமாக வரும் 'ஆ' அதன் மேல் ஏறிவிடும். பிள்ளை சரியாகப் போட்ட விடை தப்பாகப் பதிவாகும், யாருக்கும் காரணம் தெரியாது. அதனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் போனிலிருந்தே ஏறுவரிசை எண் அனுப்புங்கள். ஏற்கெனவே பதிந்ததைவிடச் சின்ன எண் வந்தால் சர்வர் அதைத் தள்ளிவிடட்டும். சேராத விடைகளைப் போன் பிரௌசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்து, நெட் வந்ததும் அனுப்பலாம். பொத்தான் வேலை 'முடிந்தது' என்று குறிப்பது மட்டும்தான்.

கடிகாரப் பிரச்சினை வேறு. நொடிக்கு ஒன்று கழிக்கிற டைமராக எழுதியிருப்பான். திரை அணைந்தாலோ வேறு செயலிக்குப் போனாலோ பிரௌசர் டைமரை மெதுவாக்கும், நிறுத்தியும் விடும். தொடங்கிய நேரத்தைச் சர்வர் குறித்துக்கொண்டு முடியும் நேரத்தைச் சொல்லட்டும், மிச்சத்தை ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கணக்கிடுங்கள். போன் கடிகாரத்தை நம்பினால் அதைப் பின்னால் தள்ளுகிற புத்திசாலி ஒருவன் எந்த வகுப்பிலும் இருப்பான். கரண்ட் போனால் தனி ஒரு பிள்ளைக்கு நேரம் கூட்டிக் கொடுக்கும் வசதியை ஆசிரியர் பக்கத்தில் வையுங்கள்.

நெல்லிக்குப்பம் தமிழாசிரியர்:
இதே தளத்தில் நானும் வகுப்புத் தேர்வு வைக்கிறேன். ஒரு சொல் விடை கேட்டால், 'ஔவையார்' என்று சரியாக எழுதிய பிள்ளைக்கே தவறு போடுகிறது. நான் பார்க்க விடைக்குறிப்பில் இருப்பதும் பிள்ளை எழுதியதும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

புதுச்சேரி டிடிபி:
ஐயா, உங்கள் கேள்வி வங்கி பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றியதா? பழைய எழுத்துருவில் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து அடித்துத்தான் ஔ வரவைப்போம். மாற்றிய பிறகும் அது இரண்டு எழுத்தாகவே தங்கிவிடும்: ஒளவையார். பிள்ளையின் போனில் வருவது ஒற்றை எழுத்தான ஔ. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

'கொ' மாதிரி எழுத்துகளிலும் இரட்டைப் பதிவு உண்டு. ஒற்றைக் குறியாக இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். அதை யூனிகோடின் என்எஃப்சி சீராக்கல் ஒன்றாக்கிவிடும். ஔ-வில் ள புகுந்தால் அது சரிசெய்யாது, ஏனென்றால் ள தனி எழுத்து. விடைக்குறிப்பில் இரண்டு வடிவத்தையும் ஏற்கச் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் தமிழாசிரியர்:
வங்கியில் தேடினேன். வௌவால், கௌதாரி எல்லாமே ள-வோடுதான் கிடக்கின்றன. போன வாரத் தேர்வின் மதிப்பெண் வெளியாகிவிட்டதே, அதை என்ன செய்வது?

கெடிலக்கரை:
பிள்ளை அடித்த எழுத்து அப்படியே சேமிப்பில் இருக்கிறதா, மதிப்பெண் மட்டும்தானா?

கடலூர் டீச்சர்:
அடித்ததும் இருக்கிறதாம், பையன் பார்த்துச் சொன்னான்.

கெடிலக்கரை:
அப்போ விடைக்குறிப்பைத் திருத்திவிட்டு மதிப்பீட்டை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். பழைய மதிப்பெண்ணை அழிக்காமல், தேதியோடு பக்கத்துப் பத்தியில் வையுங்கள். யாருக்காவது மதிப்பெண் குறைந்தால் வெளியிடுவதற்கு முன்னால் தமிழ் ஐயா ஒருமுறை கண்ணால் பார்த்துவிடட்டும்.