முதலிடம் பிடித்த அணி ஏன் மேலே போகவில்லை? இங்கிலாந்து ரக்பி லீக் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குமரன்_வடக்கே (அக்டோபர் 2024)

நான் மேற்கு யார்க்‌ஷயருக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. மருத்துவமனை வேலை. எங்கள் வார்டுக்கு நோயாளிகளை அழைத்து வரும் போர்ட்டர் ஒருவர் ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ் ரசிகர். ரசிகர் என்பது குறைவான சொல். திங்கள் காலை அவர் டிராலியைத் தள்ளி வரும் வேகத்தை வைத்தே ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம்.

டீ குடிக்கும்போது 2023 சீசனைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் சொன்னது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் அவர்கள் அணிதான் முதலிடமாம். ஆனால் மேலே சூப்பர் லீக்குக்குப் போனது ஐந்தாவதாக வந்த லண்டனாம். போன லண்டனும் அங்கே ஒரு ஆட்டம் ஆடுவதற்கு முன்பே, “அடுத்த வருடம் நீங்கள் கீழே” என்று சொல்லிவிட்டார்களாம். “ஏதோ மாற்றிச் சொல்கிறீர்கள்” என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த மாதம் வேக்ஃபீல்ட் மேலே போயிருக்கிறது. அதற்கு வாழ்த்துச் சொல்லப் போய், “1998” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அது என்ன, அதையும் யாராவது சொல்லுங்கள். இந்த ஆட்டமே எனக்குப் புதுசு.

டூட்டிங்_ரவி

தம்பி, அந்த மனுஷர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. ஐந்தாவது வந்த அந்த லண்டன் பிராங்கோஸ் என் அணி. ஆகவே அவரிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

நான் இருப்பது தெற்கு லண்டன் டூட்டிங்கில். பிராங்கோஸ் 2022இல் விம்பிள்டன் ப்ளவ் லேனுக்குக் குடிவந்தார்கள். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஏஎஃப்சி விம்பிள்டனின் கால்பந்து மைதானம் அது. இவர்கள் வாடகைக் குடித்தனம். 1980இல் ஃபுல்ஹாம் என்ற பெயரில் பிறந்த அணி, அதற்குப் பிறகு மாறிய வீடுகளை எண்ண எனக்கு விரல் போதாது. கால்பந்து என்று நினைத்துத்தான் மகனோடு முதல் நாள் உள்ளே போனேன். பந்து முட்டை மாதிரி இருந்தது. காசு கொடுத்தாயிற்று, உட்காருவோம் என்றான் மகன்.

ஆட்டம் இதுதான். ஒரு பக்கம் 13 பேர். பந்தை வைத்திருப்பவரைப் பிடித்து விழுத்தினால், எழுந்து காலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஆரம்பிக்கலாம். அப்படி ஆறு முறை. ஆறாவது முறையும் பிடிபட்டால் பந்து எதிராளிக்கு. கபடி தெரிந்தவனுக்கு இது உடனே விளங்கும்: மூச்சுக்குப் பதிலாக ஆறு என்ற கணக்கு, கோட்டைத் தொடுவதற்குப் பதிலாகக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுவது. ஊன்றினால் 4 புள்ளி, அதன் பின் உதைத்து ஏற்றினால் 2. உலகம் முழுக்கக் காட்டுகிற 15 பேர் ரக்பி வேறு. 1895இல் வடக்குப் பகுதி கிளப்கள் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்து வந்தார்கள். சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்கிறவன் ஷிஃப்டை விட்டு ஆட வந்தால் இழந்த கூலியையாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். ரக்பியை நடத்திய சங்கத்தார் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அவ்வளவுதான் சண்டை.

சாம்பியன்ஷிப்பில் இன்றைக்கும் பெரும்பாலானவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு 2023ஐப் பாருங்கள். 14 அணி. ஆளுக்கு 27 ஆட்டம். ஒரு வாரம் கம்ப்ரியாவில் வைட்ஹேவன், பாரோ. இன்னொரு வாரம் விமானம் ஏறி பிரான்சின் டூலூஸ். பேட்லி மைதானம் ஒரு சரிவில் இருக்கிறது. மேலிருந்து கீழே ஆடும் பாதியில் வெல்லாவிட்டால் மற்றப் பாதியில் மலையேற வேண்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை வேறு. லீக்குக்கு வெளியே நடக்கும் நாக்-அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பையை முதன்முதலில், 1897இல் வென்றவர்கள் அல்லவா.

இப்படி எட்டு மாதம் ஓடி முதலாவதாக வந்தால் கிடைப்பது ஒரு கேடயமும் அரையிறுதிக்கு நேர் வழியும்தான். முதல் ஆறு அணி பிளே-ஆஃபுக்குப் போகும். முதல் இரண்டு பேருக்கு ஒரு வாரம் ஓய்வு. மற்ற நால்வரும் மோதி இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அதன் பின் ஒரே ஆட்டம், தோற்றால் வீடு.

எங்கள் பையன்கள் ஷெஃபீல்டில் வென்று, அக்டோபர் தொடக்கத்தில் ஃபெதர்ஸ்டோனின் போஸ்ட் ஆஃபீஸ் ரோடு மைதானத்துக்குப் போனார்கள். நானும் மகனும் வடக்கே போகும் எம்1 நெடுஞ்சாலையில் ஏறினோம். அந்த ஊரின் அளவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுரங்கம் மூடிப் பல காலம். இன்னும் ஊரில் மிச்சமிருக்கிற பெரிய விஷயம் அந்த அணிதான். 1983 சேலஞ்ச் கோப்பை இறுதியில் வெம்ப்ளியில் ஹல் அணியை 14-12 என்று சாய்த்தவர்கள். சூப்பர் லீக் 1996இல் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட அதற்குள் நுழையாதவர்கள். லண்டன் சட்டை போட்டவர்கள் எங்களைச் சேர்த்துக் கொஞ்சம் பேர்தான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா மகனுக்கு இனிப்பு கொடுத்து, “வந்ததற்கு நன்றி, தோற்றுவிட்டுப் பத்திரமாகப் போங்கள்” என்றார்.

லண்டன் 36, ஃபெதர்ஸ்டோன் 26.

சத்தம் எப்படி நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. செத்த வீட்டில்கூட யாராவது அழுவார்கள். அந்த அம்மா ஃபிளாஸ்கை மூடி, பையில் வைத்து, எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். காரில் ஏறும் வரை நானும் மகனும் வாய் திறக்கவில்லை. ஏறியதும் கத்தினோம்.

உங்கள் போர்ட்டருக்கு இது ஒரு வருடத்து வலி இல்லை. 2019இல் கனடாவின் டொராண்டோ அணியிடம் இறுதியில் தோல்வி. 2021இல் டூலூஸிடம் இறுதியில் 34-12. 2022இல் சொந்த மைதானத்தில் பேட்லியிடம். 2023இல், பட்டியலில் முதலிடத்தில் இருக்கும்போதே ஆகஸ்டில் கோச் ஷான் லாங் விலகி ஜேம்ஸ் ஃபோர்ட் வந்தார். அப்புறம் நாங்கள் வந்தோம்.

அக்டோபர் 15, டூலூஸில் இறுதி. போக வசதியில்லை, கடையில் கல்லாவுக்குக் கீழே ஃபோனை வைத்துப் பார்த்தேன். 18-14. ஆள் பேர் தெரியாத ஒரு வாடிக்கையாளரைக் கட்டிப்பிடித்தேன். அவர் பால் வாங்க வந்தவர்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஐ.எம்.ஜி. என்ற நிறுவனத்தின் யோசனைப்படி கிளப்களே ஓட்டுப் போட்டு ஏற்ற தரமதிப்பீடு, பரீட்சார்த்தமாக வெளியானது. மொத்தம் 20 புள்ளி: ரசிகர் பலம், ஆட்டத் திறன், நிதி, மைதானம், சமூகம் என்று பிரித்திருக்கிறார்கள். 15 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏ தரம். மேலே இடம் உறுதி. ஆட்டத் திறனுக்கு நாலில் ஒரு பங்குதான், அதுவும் மூன்று வருடச் சராசரி. வாடகை மைதானம், கொஞ்சக் கூட்டம்: எங்களுக்கு 24ஆவது இடம். 2024 முடிந்ததும் இந்தப் பட்டியல்தான் யார் மேலே என்று தீர்மானிக்கும் என்றார்கள். அதாவது சூப்பர் லீக்கில் முதல் விசில் ஊதும் முன்பே கீழே இறங்கும் படிக்கட்டைக் காட்டிவிட்டார்கள். அப்படி ஒரு கிளப்புக்கு எந்த நல்ல ஆட்டக்காரன் கையெழுத்துப் போடுவான்? கோச் மைக் எக்கிள்ஸ் இருந்த பையன்களை வைத்தே 2024ஐ ஓட்டினார். கடைசி இடம். நான் ஒரு வீட்டு ஆட்டத்தையும் விடவில்லை.

1998ஐப் பற்றி எனக்குத் தெரியாது. வடக்கத்தி ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

பிராட்ஃபோர்ட்_செல்வி

1998 என்றால் ஹடர்ஸ்ஃபீல்டில் நடந்த முதல் டிவிஷன் (அன்றைக்கு இரண்டாம் அடுக்கின் பெயர் அது) கிராண்ட் ஃபைனல். வேக்ஃபீல்ட் 24, ஃபெதர்ஸ்டோன் 22. அந்த இரண்டு புள்ளியில் வேக்ஃபீல்ட் சூப்பர் லீக் போய் 2023 வரை கீழே இறங்கவே இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே சில மைல்தான். 1995இல் வேக்ஃபீல்ட், காஸில்ஃபோர்ட், ஃபெதர்ஸ்டோன் மூன்றையும் ஒன்றாக்கி ‘கால்டர்’ என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். ரசிகர்கள் தெருவில் இறங்கி நிறுத்தினார்கள். ஆகவே அவரிடம் வேக்ஃபீல்டுக்கு வாழ்த்துச் சொன்னது, குமரன், கொஞ்சம் அதிகம்தான். இன்னொன்று: இப்போது வேக்ஃபீல்டை மேலே கொண்டுபோன டேரில் பவல், முன்பு ஃபெதர்ஸ்டோனின் கோச்.

ரவி அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் தரமதிப்பீட்டை நான் முழுதாகத் திட்ட மாட்டேன். எங்கள் பிராட்ஃபோர்ட் புல்ஸ் நான்கு முறை சூப்பர் லீக் சாம்பியன். 2017 ஜனவரியில் கிளப் திவாலாகி, புதுக் கிளப் 12 புள்ளி கழிக்கப்பட்டு ஆரம்பித்து, மூன்றாம் அடுக்குக்கு விழுந்தது. 1954இல் லட்சத்துக்கும் மேல் கூட்டம் பார்த்த ஓட்சல் மைதானத்தில், எனக்குப் பின்னால் இருந்தவர் சாண்ட்விச் பிரிக்கும் சத்தம் கேட்கும். நீங்கள் சொன்ன அந்த டொராண்டோ? 2019இல் ஃபெதர்ஸ்டோனை 24-6 என்று வென்று மேலே போனது, அடுத்த ஜூலையிலேயே தொடர முடியாது என்று விலகிவிட்டது. மைதானத்தில் வென்றவன்தான் மேலே போக வேண்டும் என்ற விதிதான் அதையும் செய்தது.

டூட்டிங்_ரவி

அதுவும் சரிதான் தங்கச்சி. ஆனால் டொராண்டோ விலகியபோது அந்த இடத்தை ஃபெதர்ஸ்டோனுக்கா கொடுத்தார்கள்? கணக்குப் பார்ப்பதென்றால் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும்.

துலூஸ்_ஆனந்தி

2023 இறுதியில் நான் எர்னெஸ்ட் வாலோன் மைதானத்தில் இருந்தேன். அது 15 பேர் ரக்பிக்காரர்களின் கோட்டை. நாங்கள் இந்த ஊரில் எப்போதும் இரண்டாம் பிள்ளைதான். லண்டன்காரர்கள் கோப்பையைத் தூக்கியபோது கைதட்டினோம், பிறகு திட்டினோம். இந்த வருட இறுதியில் வேக்ஃபீல்டில் 36-0 என்று தோற்றோம். அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. வேக்ஃபீல்ட் அந்தச் சீசனில் வெம்ப்ளியில் கீழ் அடுக்கு அணிகளுக்கான 1895 கோப்பையையும் 50-6 என்று எடுத்தது, தரமும் ஏ. அவர்கள் விஷயத்தில் மைதானமும் கணக்குப் புத்தகமும் ஒரே பதிலைச் சொல்லின. அதனால்தான் இந்த வருடம் யாரும் சண்டை போடவில்லை.

குமரன்_வடக்கே

நன்றி ரவி அண்ணா, செல்வி அக்கா, ஆனந்தி அக்கா. நாளைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். டூட்டிங் என்ற சொல்லை எடுக்க மாட்டேன்.

துலூஸ்_ஆனந்தி (ஒரு வருடம் கழித்து)

பழைய இழையைக் கிளறுகிறேன். பட்டியலில் யார்க் முதலிடம், இறுதியில் நாங்கள் அவர்களை 10-8 என்று வென்றோம். சூப்பர் லீக் 2026இல் 14 அணியாகிறது: நாங்கள், தோற்ற யார்க், செல்வியின் பிராட்ஃபோர்ட், மூவருக்கும் இடம்! குமரன், உங்கள் போர்ட்டர் என்ன சொன்னார்?

குமரன்_வடக்கே

இந்த வருடம் ஜூனில் அவரோடு வெம்ப்ளிக்குப் போனேன் அக்கா. 1895 கோப்பை இறுதி, யார்க்கும் ஃபெதர்ஸ்டோனும். யார்க் 5-4. ஒரு புள்ளியில் போயிற்று. திரும்பும் வழி முழுக்க என்னிடம் ரவி அண்ணா கேட்ட அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார், டொராண்டோ இடம் பற்றி. நீங்கள் சொன்ன செய்தி வந்த அன்று டிராலி மிக மெதுவாக வந்தது. “தோற்றாலும் மேலே போகலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள், எங்களுக்குத்தான் பழக்கம் அதிகம்” என்றார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டார்.