புதுப்பிப்பு: இணையம் வராத வகுப்பில் ஜியோஜீப்ரா

மூன்று வாரங்களுக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன்: ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் ‘இணையச் செயல்பாடு’ பக்கத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் திரையில் வட்டம் சுற்றுகிறது, அதற்குள் மணி அடித்துவிடுகிறது என்று.

அந்தச் சிக்கல் தீர்ந்தது. அந்தக் குறியீடு திறக்கும் ஜியோஜீப்ராவை, அதாவது வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கும் கணக்கு மென்பொருளை, கணினியிலேயே நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். வீட்டில் இறக்கி, பென்டிரைவில் எடுத்துப்போய்ப் பள்ளி மடிக்கணினியில் போட்டேன். பத்து நிமிட வேலை. இதற்கா ஒரு பருவம் முழுக்க அல்லாடினேன்!

முதல் நாள் நானே எல்லாவற்றையும் இழுத்துக் காட்டினேன். பிள்ளைகள் படம் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பேட்டில் ஒரு கோடுகூட இல்லை. மறுநாள் முறையை மாற்றினேன். முக்கோணத்தின் செங்கோட்டு மையம் (ஒவ்வொரு உச்சியிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்கு வரையும் செங்குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி) எங்கே விழும் என்று முதலில் பென்சிலால் குறிக்க வேண்டும், பிறகுதான் மவுஸ். ஒரு மாணவி உச்சியை மெல்ல நகர்த்தினாள். கோணம் 90 பாகையைத் தொட்டதும் புள்ளி அந்த உச்சியிலேயே போய் ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் விரித்தாள். “சார், வெளியே போய்விட்டது!” பாதிப் பேர் உள்ளேதான் குறித்திருந்தார்கள். அழிப்பானைத் தேடும் சத்தம் கேட்டது.

கவராயம் பிடித்து வரைவதை நிறுத்தவில்லை. தேர்வில் மவுஸ் தரமாட்டார்கள். புரொஜெக்டர் மட்டும் இன்னும் பக்கத்து வகுப்போடு பங்குதான். செவ்வாயும் வியாழனும் எங்களுக்கு.